ஆபரேஷனுக்கு முந்தைய இரவு தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. பித்தப்பைக் கல்லுக்கு அடுத்த வாரம் நாகர்கோவிலில் ஆபரேஷன், முழு மயக்கம் கொடுப்பார்களாம். பயத்தில் தூக்கமே இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரின் அல்பிரசோலாம் மாத்திரை ஒன்றைக் கொடுக்கலாமா? – வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கொடுக்காதீர்கள். வீட்டில் அப்படி ஒரு மாத்திரை விழுங்கிவிட்டு வந்த பாட்டி ஒருவர், ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் மகளையே யாரென்று கேட்டார். கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். தெளிவு வரும்வரை அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வயதான உடலிலிருந்து இந்த மருந்துகள் மெதுவாகத்தான் வெளியேறும். குறட்டை விடுபவர்களுக்கு மூச்சும் தடைபடலாம்.

ஈதர் என்ற பழைய மயக்க மருந்தின் காலத்தில் முன்மருந்து, அதாவது மயக்கத்துக்கு முன்பே கொடுக்கும் மருந்து, அவசியமாக இருந்தது. ஈதரை முகர்ந்தால் எச்சிலும் சளியும் பெருகி நோயாளி திணறுவார். இன்று புரோப்போஃபால் ஊசி நரம்பில் ஏறிய ஒரு நிமிடத்திற்குள் தூக்கம் வந்துவிடும். அதன் பிறகுதான் செவோஃப்ளூரேன் போன்ற ஆவி மருந்து மூச்சோடு சேர்ந்து மயக்கத்தைத் தொடரச் செய்கிறது. ஆக, தூக்க மாத்திரையை முன்மருந்தாகக் கொடுக்க மிஞ்சியிருக்கும் காரணம் பெரும்பாலும் பயம்தான். அதற்கும் மாத்திரை பெரிதாக உதவுவதில்லை. 2015இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், 70 வயதுக்குட்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் லோராசெபாம் என்ற இதே வகை மாத்திரையை விழுங்கியவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் திருப்தி அடையவில்லை. மயக்கத்தின்போது அவர்கள் தொண்டையில் வைத்த சுவாசக் குழாயை எடுக்கத்தான் தாமதமானது.

பயத்துக்குப் பேச்சுதான் நல்ல மருந்து என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். 1963இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், தூக்க மருந்து கலக்கத்தைத் தந்ததே தவிர அமைதியைத் தரவில்லை. மயக்க மருத்துவர் முன்கூட்டியே வந்து பேசியவர்கள்தான் அமைதியாக இருந்தார்கள். அதனால் மயக்கம் கொடுக்கும் மருத்துவரை ஆபரேஷனுக்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள். "நடுவில் விழித்துக்கொள்வேனோ?" என்று அம்மாவே அவரிடம் கேட்கட்டும். குறட்டை, கட்டுப்பல், ஆஸ்துமா எல்லாவற்றையும் சொல்லுங்கள். அம்மா ஏற்கெனவே தினமும் தூக்க மாத்திரை எடுப்பவர் என்றால் அதையும் மறைக்கக் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது. அப்படியும் நடுக்கம் தீரவில்லை என்றால், தியேட்டரில் மானிட்டர் பொருத்தியபின் பதற்றம் தணிக்கும் மிடாசோலாம் மருந்தைச் சிறிதளவு, ஒரு மில்லிகிராம் அளவில், நரம்பில் செலுத்துவோம். அதற்குப் பின் நடப்பது பலருக்கு நினைவிலேயே இருக்காது.

முந்தைய இரவு மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிடலாம், ஆனால் ஆபரேஷனுக்கு எட்டு மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். தண்ணீரோ பால் சேராத கட்டன் சாயாவோ பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு முன்புவரை குடிக்கலாம். உங்கள் மருத்துவர் வேறு நேரம் சொன்னால் அதன்படி செய்யுங்கள். பால் விட்ட டீ சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும்.