‘டோண்ட்’ என்று எழுதலாமா?

கேள்வி: வேலைக்கு விண்ணப்பித்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். ‘ஐம்’, ‘டோண்ட்’ என்று சுருக்கி எழுதிய இடத்திலெல்லாம் அண்ணன் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார். செய்தித்தாளிலேயே அப்படி எழுதுகிறார்களே, இது தப்பா ஐயா?

பதில்: இலக்கணப்படி தப்பே இல்லை, அம்மா. ஆனாலும் இந்தக் கடிதத்தில் அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் படிக்கப் போகிறார். ‘ஐ ஆம்’ என்று விரித்தே எழுதிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தம், ஆய்வுக் கட்டுரைக்கும் இதே கணக்குதான். நாம் ‘வந்துட்டேன்’ என்று பேசிவிட்டு ‘வந்துவிட்டேன்’ என்று எழுதுகிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

அதற்காக எங்கேயும் விரித்து எழுதினால் வேறு வம்பு வரும். நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நண்பர், தன் அப்பா மருத்துவமனையில் இருந்ததை வீடு திரும்பிய பிறகுதான் எழுதியிருந்தார். பதறிப்போய், ‘ஐ டிட் நாட் நோ’ என்று ஒரே வரி பதில் அனுப்பினேன். உடனே போன் வந்தது: “என்மேல் கோபமா?” திரும்பப் படித்துப் பார்த்தேன். ‘நாட்’ தனியாக நின்றதும் அழுத்தம் முழுக்க அதன்மேல் விழுந்திருந்தது. ‘டிடின்ட்’ என்று எழுதியிருந்தால் என் பதற்றம் மட்டும்தான் அவருக்குக் கேட்டிருக்கும். நெருங்கியவர்களுக்கு எழுதும்போது, மறுப்பை ஊன்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘நாட்’டைத் தனியாக நிறுத்துங்கள்.

பேச்சில்கூட சுருக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் சறுக்குவது இங்கேதான். ‘ஆர் யூ ரெடி?’ என்று கேட்டால் ‘யெஸ், ஐ ஆம்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘யெஸ், ஐம்’ கிடையாது. வாக்கியம் ‘ஆம்’ என்பதோடு முடிகிறபோது அதை விழுங்க முடியாது. ‘நோ, ஐம் நாட்’ சரி, பின்னால் ‘நாட்’ நிற்கிறதே! கேள்வியில் இன்னொரு சிக்கல். ‘டோண்ட் யூ நோ?’ என்பதை விரித்தால் ‘நாட்’ இடம் மாறி, ‘டூ யூ நாட் நோ?’ என்று ஆகிவிடும்.

அப்புறம் அந்த அபாஸ்ட்ரபி, அதாவது சுருக்கும்போது விட்டுப்போன எழுத்துக்குப் பதிலாக மேலே போடும் சின்னக் குறி. ‘இட்ஸ்’ என்று எழுதும்போதெல்லாம் ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்று விரித்துப் பாருங்கள். பொருந்தினால் குறி போடுங்கள். ‘அதனுடைய’ என்று பொருள் வந்தால் குறி வேண்டாம்.

விண்ணப்பத்தைத் திருத்தும்போது ‘கேன்ட்’ இருந்தால் ‘கேனாட்’ என்று மாற்றுங்கள். அதை மட்டும் நடுவில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும்.