தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பினாயிலும் ஆசிட்டும் வேண்டுமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் ஃபிளாட்டில் இருக்கிறோம், போர் தண்ணீர்தான். பாத்ரூம் முழுக்க வெள்ளையாக உப்பு படிகிறது, ஆசிட் ஊற்றிக் கழுவினால் எனக்கு மூச்சு முட்டி இருமல் வருகிறது. 9 மாதப் பெண் குழந்தை தவழ்கிறாள், எதைத் தொட்டாலும் கையை வாயில் வைக்கிறாள். ஆனால் பினாயில் போடாமல் துடைத்தால் வீடு சுத்தமாகாது என்கிறார் என் மாமியார். என்ன செய்யட்டும்?

பதில்: தரைக்குப் பினாயில் வேண்டாம். தரையில் இருப்பது தூசியும், சிந்திய சாப்பாடும், கால் அழுக்கும்தான். அரை வாளித் தண்ணீரில் ஒரு சின்ன ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் போதும், கூடப் போட்டால் பிசுபிசுக்கும். அப்புறம் வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்து, ஃபேன் போட்டுக் காயவைத்துவிட்டுக் குழந்தையை இறக்கிவிடுங்கள். பூந்திக்கொட்டையை இரவு ஊறவைத்து, கொதிக்கவிட்டு வடிகட்டிய தண்ணீரும் நன்றாக வேலை செய்யும், ஆனால் வெளியே வைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். மாமியாரிடம் மாப் துணியைக் காட்டுங்கள். ஈரத்தோடு வாளிக்குள்ளேயே கிடக்கும் துணியால் துடைத்தால், எதைக் கலந்தாலும் அழுக்கு அறை அறையாகப் பரவத்தான் செய்யும். அந்த நாற்றத்தை மறைக்கத்தான் பல வீடுகளில் பினாயில் ஓடுகிறது. தினமும் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயப்போடுங்கள்.

இனி உப்பு. அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், எந்தப் புளிப்பும் அதைக் கரைக்கும். கடையில் வாங்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதன் புகைதான் உங்களை இரும வைக்கிறது. அதற்குப் பதில் மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் தூள் கேளுங்கள், சர்க்கரை மாதிரி வெள்ளையாக இருக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கலந்து, பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் துணி ஓரத்தில் பொடிப்பொடியாக நுரை எழும், உப்பு கரைகிறது என்று அர்த்தம். அரை மணி நேரம் கழித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் குழாயின் பளபளப்பு போய்விடும். பல வருஷப் படிமானம் ஒரே தடவையில் போகாது, நாலைந்து வாரம் விடாமல் செய்ய வேண்டியிருக்கும். குளித்தவுடன் சுவரையும் குழாயையும் துடைத்துவிட்டால் புதிதாகப் படிவது வெகுவாகக் குறையும். ஒரு எச்சரிக்கை: மார்பிள், மொசைக் தரையில் எலுமிச்சை, வினிகர், சிட்ரிக் ஆசிட் எதுவும் படக்கூடாது, அரித்துவிடும்.

வினிகரில் ஆப்ப சோடாவைக் கொட்டி நுரை பொங்கவிடும் வீடியோக்களை நம்பாதீர்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டால் மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர்தான். சோடாவைத் தனியாக அடுப்பு மேடை எண்ணெய்ப் பிசுக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இயற்கையானது என்பதாலேயே குழந்தைக்கு ஆபத்தில்லாதது என்று நினைக்க வேண்டாம். கற்பூரத்தைக் கொஞ்சம் விழுங்கினாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம். பீரோவில் போடும் அந்துருண்டையும் ஆபத்துதான்: அது பெரும்பாலும் நாப்தலீன், ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கு ரத்த அணுக்களையே சிதைக்கும். அதை எடுத்துவிட்டுத் துணிகளை நன்றாக வெயிலில் காயவைத்து அடுக்குங்கள்.

பிளீச்சிங் பவுடரை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்ல மாட்டேன். வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கழிவறைக்கு அது வேண்டும், வினிகரும் வேப்பிலையும் அங்கே போதாது. பாக்கெட்டில் சொன்ன அளவில், ஜன்னலைத் திறந்துவைத்து, தனியாகப் பயன்படுத்துங்கள். ஆசிட்டோடு, ஏன், சிட்ரிக் ஆசிட்டோடு கலந்தாலும் குளோரின் வாயு கிளம்பும்.

கடைசியாக, தெருவில் வண்டியில் வாங்கிய ஆசிட்டோ பினாயிலோ பழைய குளிர்பான பாட்டிலில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். குழந்தை எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.