அண்ணப்பிளவுள்ள 10 வயது மகனுக்கு மூச்சுப்பாதையைப் பார்க்க சிபிசிடி (தலை, தாடைப் பகுதியின் முப்பரிமாண எக்ஸ்ரே படம்) எடுக்கச் சொல்கிறார்கள். பக்கவாட்டு எக்ஸ்ரே போதாதா?

பக்கவாட்டு எக்ஸ்ரே முன்பின், மேல்கீழ் அளவுகளை மட்டுமே காட்டும், இடவல அகலத்தைக் காட்டாது. பிளவுள்ளவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் இடவலமாக இருக்கும்: மூக்கின் நடுச்சுவர் ஒரு பக்கம் வளைந்திருக்கும், ஒரு துளை குறுகியிருக்கும். மேல்தாடை வளர்ச்சி குன்றி உள்வாங்கியிருப்பதும் உண்டு. சிபிசிடியில் காற்று கருப்பாகத் தனித்துத் தெரிவதால், கணினி மூச்சுப்பாதையை மட்டும் பிரித்து, கொள்ளளவையும் மிகக் குறுகிய இடத்தின் பரப்பையும் கணக்கிடும். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். மொத்தக் கொள்ளளவு நன்றாக இருந்தாலும் ஒரே இடத்து நெரிசல் மூச்சைத் திணறடிக்கும், ஒடுங்கிய பாலத்தில் போக்குவரத்து தேங்குவதுபோல.

ஆனால் எடுக்கும்போது பிள்ளை விழித்திருப்பான், பெரும்பாலும் உட்கார்ந்திருப்பான். எச்சில் விழுங்கினாலோ நாக்கை நகர்த்தினாலோ அளவு மாறும். ஆகவே குறட்டை, தூக்கத்தில் மூச்சுத்தடை இருந்தால் இந்தப் படம் விடை சொல்லாது. அதற்குத் தூக்கப் பரிசோதனைதான்.

கதிர்வீச்சு மருத்துவ சிடியைவிடப் பொதுவாகக் குறைவு, எக்ஸ்ரேயைவிட அதிகம். மூச்சுப்பாதைக்காக மட்டும் என்றால் யோசிப்பேன். பிளவு ஈறு எலும்பிலும் இருந்தால், அந்த இடைவெளியை நிரப்பும் எலும்பு ஒட்டு அறுவைக்காக இந்த வயதில் பல இடங்களில் சிபிசிடி எடுப்பார்கள். அப்படியானால் அதே படத்திலேயே, மூக்கும் தொண்டையும் பதிவாகியிருந்தால், பார்த்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.