வெப்சைட் போடும் முன்: வேலூர்ப் பக்கத்துக் கடைக்காரர்களின் கேள்விகள்

கேள்வி: சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்தில் காந்தி ரோட்டை ஒட்டின சந்தில் 14 அறை உள்ள லாட்ஜ் நடத்துகிறேன். வெப்சைட் செய்து தர ஒருவர் 8,000 கேட்கிறார், இன்னொருவர் 45,000 கேட்கிறார். ரெண்டு பேரும் காட்டின மாதிரிகள் அழகாகத்தான் இருக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது? (லாட்ஜ் உரிமையாளர், வேலூர்)

பதில்: அழகை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் லாட்ஜுக்கு யார் வருகிறார், எந்த நிலைமையில் வருகிறார் என்று முதலில் யோசியுங்கள். கொல்கத்தாவிலிருந்தோ அசாமிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ உடம்பு முடியாதவரைக் கூட்டிக்கொண்டு ரயிலில் வருகிறார், காட்பாடி வந்து சேர்வதற்குள் போனில் அறை தேடுகிறார், சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. அவருக்கு உங்கள் வரவேற்பறையின் பெரிய படம் எதற்கு? ஆஸ்பத்திரி கேட்டுக்கு எத்தனை நிமிட நடை, லிஃப்ட் இருக்கிறதா, வீல்சேர் உள்ளே வருமா, வாடகை என்ன, மாத வாடகைக்குத் தருவீர்களா, அறையில் சமைத்துக்கொள்ளலாமா, அடுப்பும் பாத்திரமும் கிடைக்குமா, ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தால் கதவு திறப்பீர்களா: இதுதான் அவர் கேள்வி. போனில் பக்கம் திறந்த உடனே, விரலால் தள்ளாமலே, இதில் பாதிக்காவது பதில் தெரிய வேண்டும்.

நான் பார்த்த பல லாட்ஜ் வெப்சைட்டுகளில் முதலில் வருவது ஒன்றன்பின் ஒன்றாக நகரும் நாலு பெரிய படங்கள். அப்புறம் ‘எங்கள் இணையதளத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்’ என்று ஒரு பத்தி. வாடகை எங்கேயும் இல்லை. போன் நம்பர் கடைசியில், அதுவும் படத்துக்குள் எழுதியிருக்கிறது, தொட்டால் கால் போகாது. நோயாளியை ஒரு கையில் பிடித்துக்கொண்டிருக்கிறவர் அந்த நம்பரை மனப்பாடம் செய்து தட்டிக்கொண்டிருப்பாரா? அடுத்த லாட்ஜுக்குப் போய்விடுவார். நம்பரைத் தொட்டால் கால் போக வேண்டும், பக்கத்திலேயே வாட்ஸாப் பட்டன் இருக்க வேண்டும். இது ஐந்து நிமிட வேலை, இதற்குத் தனிக் காசு கிடையாது.

மொழியும் முக்கியம். உங்கள் தெருவில் கடைப் பலகைகளிலேயே வங்காளி எழுத்து இருக்கிறது, வெப்சைட்டில் மட்டும் ஏன் இருக்கக் கூடாது? வங்காள மொழியிலும் இந்தியிலும் ஒவ்வொரு பக்கம் போடுங்கள். கூகுள் மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாமல், அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திப் போடுங்கள். பங்களாதேஷிலிருந்து வருகிறவர்களுக்கு பாஸ்போர்ட், விசா நகல் வேண்டும், வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை நீங்கள் பதிய வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டால் கவுண்டரில் தகராறு குறையும். சி.எம்.சி.க்கு ராணிப்பேட்டை பக்கம் 2022இல் பெரிய வளாகம் வந்த பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் அறை போட்டுவிட்டு அலைகிறவர்கள் உண்டு. நீங்கள் இருப்பது ஊருக்குள் உள்ள பழைய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், சந்திப்புச் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துக்கொண்டு அறை போடுங்கள் என்று ரெண்டு வரி எழுதுங்கள். உங்களுக்கு ஒரு வாடகை போனாலும் பரவாயில்லை, நொந்து வருகிறவருக்கு அது பெரிய உதவி.

இப்போது விலைக்கு வருவோம். ரெண்டு பேரிடமும் தொகையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: டொமைனுக்கு (வெப்சைட்டின் பெயர்) எவ்வளவு, ஹோஸ்டிங்குக்கு (வெப்சைட்டை வைத்திருக்கும் இடம்) எவ்வளவு, டிசைன் கூலி எவ்வளவு, ரெண்டாம் வருடத்திலிருந்து வருடா வருடம் எவ்வளவு. டாட் காம், டாட் இன் பெயர்கள் பொதுவாக வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சுற்றளவில்தான் வரும். முதல் வருடம் சலுகையில் மலிவாகக் கொடுத்துவிட்டுப் புதுப்பிக்கும்போது ஏற்றுகிற வழக்கம் இருக்கிறது, அதனால் புதுப்பிக்கும் விலையைத்தான் கேட்க வேண்டும். பூட்டுக் குறி வருவதற்கான எஸ்.எஸ்.எல். சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் 2018லிருந்து குரோம் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டுகிறது, எனவே கட்டாயம் வேண்டும், ஆனால் அதற்கென்று ஆயிரக்கணக்கில் பில் போட்டால் ஏன் என்று கேளுங்கள். 14 அறைக்கு நாலைந்து பக்கம் போதும். 45,000 கேட்கிறவர் படமும் எடுத்து, மூன்று மொழியிலும் எழுதி, ஒரு வருடம் திருத்தமும் செய்து தருவார் என்றால் அது அநியாய விலை இல்லை. 8,000 கேட்கிறவர் ஏற்கெனவே செய்து வைத்த ஒன்றில் உங்கள் பெயரை மட்டும் மாற்றித் தருவார் என்றால் எட்டாயிரமே அதிகம். ரெண்டு பேரும் முன்பு செய்து கொடுத்த வெப்சைட்டுகளை உங்கள் போனிலேயே, வைஃபை இல்லாமல், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.

கேள்வி: ‘கூகுளிலிருந்து பேசுகிறோம், மாதம் 5,000 கட்டினால் உங்கள் கடை முதல் இடத்தில் வரும், கட்டாவிட்டால் மேப்பிலிருந்து எடுத்துவிடுவோம்’ என்று போன் வருகிறது. உண்மையா? (பேக்கரி, ஆம்பூர்)

பதில்: பொய். கூகுள் மேப்பில் கடையைப் பதிவதும் சரிபார்ப்பதும் இலவசம். முதல் இடம் தருவதாக யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. ஓ.டி.பி. கேட்டால் சொல்லாதீர்கள், சொன்னால் உங்கள் கடைப் பக்கமே அவர்கள் கைக்குப் போய்விடும்.

கேள்வி: கைலி வியாபாரம் செய்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் தெரிந்த பையன் ஒருவன் வெப்சைட் செய்து கொடுத்தான். இப்போது புதுப்பிக்க 15,000 கேட்கிறான். டொமைன் அவன் பெயரில் இருக்கிறதாம். என் பெயருக்கு மாற்றிக் கொடு என்றால் ‘டிசைன் என்னுடையது, தர மாட்டேன்’ என்கிறான். என்ன செய்யலாம்? (குடியாத்தம்)

பதில்: கடைப் பலகையை எழுதிக் கொடுத்தவர் வருடா வருடம் வந்து வாடகை கேட்டால் கொடுப்போமா? உங்கள் கோபம் நியாயமானது. இதே புகார் நம் பக்கத்திலிருந்து அடிக்கடி வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டொமைன் வேறு, டிசைன் வேறு. ரெண்டையும் சேர்த்துப் பேசித்தான் அவர் உங்களைக் குழப்புகிறார்.

டொமைன் என்பது பெயர். அது எந்த நிறுவனத்தில் பதிந்திருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்பதை ஹூ-இஸ் என்கிற தேடலில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். இன்றைக்கே பாருங்கள். தேதி நெருங்கியிருந்தால் சண்டையைக் கொஞ்சம் தள்ளி வைத்து, முதலில் ஒரு வருடம் புதுப்பிக்கச் செய்து, அந்த ரசீதின் நகலை வாங்கி வையுங்கள். டாட் காம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டால் மீட்க 30 நாள் அவகாசம் உண்டு, ஆனால் அப்போது கட்டணம் பல மடங்கு. அதையும் விட்டால் வேறு யாராவது வாங்கிவிடலாம். பிறகு அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பெயரை உங்கள் கணக்குக்கு மாற்றித் தர வேண்டும், அல்லது மாற்றுவதற்கான ஆத் கோடு என்கிற ரகசியக் குறியீட்டைத் தர வேண்டும். பதிவு அவர் பெயரில் இருக்கும் வரை அந்த நிறுவனம் அவர் பேச்சைத்தான் கேட்கும், அதனால் நைச்சியமாகவே பேசுங்கள். அவருடைய வேலைக்கு நியாயமாக ஏதாவது பாக்கி இருந்தால் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். பேச்சை வாட்ஸாப்பில் வைத்துக்கொள்ளுங்கள், பணத்தை ஜி-பேயில் அனுப்புங்கள், ரெண்டும் பின்னால் சாட்சி.

டிசைன் விஷயத்தில் அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இல்லாமல் வெளியில் கொடுத்துச் செய்த வேலையில் உரிமை பொதுவாக செய்தவருக்கே. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அது உங்களுக்கு மாறும். அப்படி எழுதும்போது எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், அதனால் புதிதாக யாரிடம் கொடுத்தாலும் ‘முழுக் காலத்துக்கும்’ என்று எழுதி வாங்குங்கள். ஆனால் நீங்கள் எழுதிக் கொடுத்த வாசகம் உங்களுடையது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கைலிப் படங்களும், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், உங்களுடையவைதான். அவற்றைக் கேட்டு வாங்குங்கள். டிசைன் போனால் போகட்டும், பெயர்தான் முக்கியம்.

ஒத்து வராவிட்டால் 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யுங்கள். வேலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த ரெண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: வணிக நோக்கத்துக்காக வாங்கின சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று எதிர்த் தரப்பு கட்டாயம் சொல்லும். பிழைப்புக்காகச் சொந்தமாக உழைத்து நடத்தும் தொழில் என்று உங்கள் பக்கம் வாதாட இடம் இருக்கிறது, ஆனால் பெரிய மொத்த வியாபாரம் என்றால் கஷ்டம். ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள்.

இனிமேல் வெப்சைட் போடுகிற எல்லோருக்கும் சொல்கிறேன். டொமைனை உங்கள் சொந்த ஈமெயிலில், உங்கள் கார்டில், நீங்களே உட்கார்ந்து வாங்குங்கள். பத்து நிமிடம் ஆகும். வேலை செய்கிறவருக்கு உள்ளே போக அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். ‘அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார், நான் பார்த்துக்கிறேன்’ என்று சொன்னால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் நாட்டு மருந்துக் கடை வெப்சைட் முழுக்கத் தமிழில் இருக்கிறது. ஆனால் தமிழில் தேடினால் வருவதே இல்லை. சில போனில் ஏதோ இங்கிலீஷ் எழுத்தாகத் தெரிகிறது என்கிறார்கள். (வாலாஜாபேட்டை)

பதில்: அச்சகத்தில் நோட்டீஸ் அடித்த ஃபைலையே வெப்சைட் செய்தவருக்குக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அச்சகங்களில் இன்னும் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. அதில் கண்ணுக்கு ‘தமிழ்’ என்று தெரிகிற சொல், உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். எழுத்துரு ஏறாத போனில் அது அப்படியே வெளியே வந்துவிடும். கூகுளுக்கும் அது தமிழாகத் தெரியாது. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது: உங்கள் பக்கத்தில் ஒரு சொல்லை அழுத்திப் பிடித்து காப்பி செய்து வாட்ஸாப்பில் ஒட்டுங்கள். தமிழாக விழுந்தால் யூனிகோடு (எல்லாப் போனும் படிக்கும் பொது எழுத்து முறை), கவலை இல்லை. இங்கிலீஷாக விழுந்தால் பாமினி. சொல்லைப் பிடிக்கவே முடியாவிட்டால் அது வெறும் படம், அதையும் கூகுள் சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. பாமினியை யூனிகோடாக மாற்ற இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. மாற்றின பிறகு ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு தடவை வரிவரியாகப் படியுங்கள், மருந்துப் பெயரில் எழுத்து மாறினால் வம்பு.

நீங்கள் கேட்காத ஒன்று. சர்க்கரை நோயைக் குணமாக்கும், புற்றுநோய் தீரும் என்றெல்லாம் விளம்பரம் செய்வது 1954ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றின்படி குற்றம். நோட்டீஸில் அப்படி ஏதாவது வாசகம் இருந்தால் வெப்சைட்டில் ஏற்றாதீர்கள், நோட்டீஸிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆற்காடு மக்கன் பேடாவை ஆன்லைனில் விற்க ஆசை. ஷாப்பிங் கார்ட் (பொருளைத் தேர்ந்து சேர்க்கும் கூடை), பேமென்ட் எல்லாம் வைத்துப் பெரிய வெப்சைட்டாகப் போடலாமா? (இனிப்புக் கடை, ஆற்காடு)

பதில்: இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மக்கன் பேடா பாகில் ஊறுகிற கோவா இனிப்பு, உள்ளே முந்திரி, பாதாம், திராட்சை. அது கூரியரில் கவிழாமல், கசியாமல், கெடாமல் போய்ச் சேருமா என்பதுதான் உங்கள் முதல் கேள்வி, வெப்சைட் அப்புறம். சென்னை, பெங்களூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு வேறு வேறு டப்பாவில் கட்டி அனுப்பி, திறந்ததும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை ஒரே ஒரு பக்கம் போதும்: நல்ல வெளிச்சத்தில் பேடாவை ரெண்டாகப் பிட்டு உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு படம், கிலோ விலை, எத்தனை நாள் தாங்கும், மேப், வாட்ஸாப் பட்டன். ஆர்டர் வாட்ஸாப்பில், பணம் யு.பி.ஐ.யில். பேமென்ட் கேட்வே (வெப்சைட்டிலேயே பணம் வாங்கித் தரும் சேவை) வைத்தால் கிரெடிட், டெபிட் கார்டில் வரும் ஒவ்வொரு விற்பனைக்கும் சுமார் ரெண்டு சதவீதமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் போகும்.

டப்பா சரியாகி ஆர்டர் தினமும் வர ஆரம்பித்த பிறகு ஷாப்பிங் கார்ட் போடுங்கள். அப்போது 2020ஆம் வருடத்து மின் வணிக விதிகள் உங்களுக்கும் பொருந்தும்: கடையின் முழுப் பெயர், முகவரி, குறை கேட்கும் அலுவலர் பெயர், பொருள் கெட்டுப்போனால் பணம் திரும்பத் தருவீர்களா என்பது எல்லாம் வெப்சைட்டில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் போட வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் போடுங்கள். குறை கேட்கும் அலுவலர் என்றால் பயப்பட வேண்டாம், உங்கள் மகனோ மருமகளோ கூட இருக்கலாம், ஆனால் அந்த நம்பருக்குப் போன் செய்தால் யாராவது எடுக்க வேண்டும்.