கார்னெலுக்கு 35 சதவீத வாய்ப்பா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: மகள் 9-ஆம் வகுப்பைச் சென்னையில் முடித்துவிட்டு உங்களோடு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இருக்கும் ஃபிரிஸ்கோவுக்கு வந்தாள், இப்போது பதினொன்றாவது போகிறாள். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 1600-க்கு 1490. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறாள். ஏதோ ஒரு இணையதளம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க 35 சதவீத வாய்ப்பு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது. நம்பலாமா?

வேண்டாம். விண்ணப்பிக்கும் 100 பேரில் ஏறக்குறைய எட்டுப் பேரைத்தான் கார்னெல் எடுக்கிறது. அந்த 35 எங்கிருந்து வந்தது என்பது அந்தத் தளத்துக்காரருக்கே வெளிச்சம்.

நம்மூரில் 200-க்கு இவ்வளவு கட்-ஆஃப், போன வருடம் கிண்டியில் எதோடு முடிந்தது என்று பார்த்தால் ஓரளவு சொல்லிவிடலாம். இங்கே அப்படி ஒரு கோடே கிடையாது. மார்க் இருந்தால் விண்ணப்பத்தைக் கவனித்துப் படிப்பார்கள், அவ்வளவுதான்.

கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் வருடாவருடம் வெளியிடும் ஆவணம் அது. 'சி' பகுதி போதும். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எதற்கு எவ்வளவு முக்கியத்துவம், சேர்ந்தவர்களில் நடுப் பாதிப் பேரின் எஸ்.ஏ.டி. எதிலிருந்து எதுவரை என்றெல்லாம் இருக்கும். மகளின் மதிப்பெண் அந்த வரம்பின் கீழ்ப்பக்கம் விழுந்தால் 'நாமும் உள்ளேதானே' என்று நினைக்காதீர்கள். விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவர்களும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

இதைவிட நல்ல துப்பு மகளின் பள்ளியிலேயே கிடைக்கும். பல பள்ளிகள் நேவியன்ஸ் மாதிரி ஒரு தளத்துக்கு லாகின் தரும். ஒரு கல்லூரியைத் தேர்ந்தால் ஒரு வரைபடம் வரும். ஒரு அச்சில் ஜி.பி.ஏ. (பள்ளி மதிப்பெண்களின் சராசரி), இன்னொன்றில் எஸ்.ஏ.டி.; அதே பள்ளியிலிருந்து முன்பு விண்ணப்பித்த ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. கிடைத்தவர் பச்சை, கிடைக்காதவர் சிவப்பு. என் மகளுக்காக ஒரு பெரிய கல்லூரியின் படத்தைத் திறந்தபோது, இரண்டு மதிப்பெண்ணும் உச்சத்தில் இருக்கும் வலது மேல் மூலையிலேயே பச்சையைவிடச் சிவப்புதான் அதிகம். வீட்டில் அதுவரை நடந்த வாக்குவாதமெல்லாம் அன்றோடு முடிந்தது. ஒன்று, யார் எந்த மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, விண்ணப்பம் போட்டார்கள் என்பது அந்தப் படத்தில் தெரியாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் இன்னும் கொஞ்சம் குறைத்தே எடைபோடுங்கள்.

ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை? டெக்சஸில் பள்ளிப் படிப்பை முடிப்பவர்களில் தங்கள் பள்ளியின் தரவரிசையில் உச்சியில் இருப்பவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் தரச் சட்டம் இருக்கிறது, 1997-லிருந்து. ஆஸ்டினுக்கு மட்டும் வரம்பு தனி: 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம். அப்போதும் உறுதியாவது பல்கலைக்கழகத்தில் ஓர் இடம்தான். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத் தனிப் போட்டி. உங்களுக்கு அதற்கு முந்தைய கேள்வியும் உண்டு: சென்னையில் படித்த 9-ஆம் வகுப்பு தரவரிசைக் கணக்கில் எப்படி ஏறியிருக்கிறது? அந்தந்த ஊர்ப் பள்ளிகளை நடத்தும் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் ஒரு விதி. நல்ல மார்க் இருந்தும் இதில் பின்தங்கும் பிள்ளைகள் உண்டு.

அப்புறம் விசா. எச்-4-ல், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசாவில், இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. பல தனியார் கல்லூரிகள் அவர்களை வெளிநாட்டு மாணவர் வரிசையில் வைத்துத்தான் பார்க்கும். ஹார்வர்ட், எம்.ஐ.டி. போன்ற சில இடங்களில் பண உதவி கேட்பது சேர்க்கையைப் பாதிக்காது. கார்னெல் அப்படியல்ல, வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால் அதையும் கணக்கில் எடுத்துத்தான் முடிவு செய்யும். உங்கள் மகள் எந்த வரிசையில் வருவாள் என்று சேர்க்கை அலுவலகத்துக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், பதில் தருவார்கள்.

ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் 'எர்லி டிசிஷன்' போட்டால் வாய்ப்பு இரட்டிப்பு என்று நண்பர்கள் சொல்வார்கள். விளையாட்டு வீரர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் அந்தச் சுற்றில்தான் அதிகம், விகிதம் அப்படித் தெரிய அதுவும் ஒரு காரணம். கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். கல்லூரியின் தளத்தில் உள்ள செலவுக் கணிப்பானில் உங்கள் சம்பளத்தைப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கணிப்பான்கள் பெரும்பாலும் குடிமக்களை மனதில் வைத்துச் செய்தவை, வருகிற தொகையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் கல்லூரிச் சேர்க்கைக்கு வழிகாட்டும் பள்ளி கவுன்சிலரிடம் நேரம் கேளுங்கள். அக்டோபரில் போனால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பரிந்துரைக் கடிதங்களில் மூழ்கியிருப்பார், உங்களுக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும்.