காட்ஸில்லா மைனஸ் ஒன்: தக்காவோ கப்பல் முதல் ஃப்ரியான் குமிழி வரை

2023இல் வெளிவந்த ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ படத்தின் பலம், பலவீனம் பற்றி நம் சிங்கப்பூர் ரசிகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில். முடிவு வரை கதை பேசப்படுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

பொங்கோல் ரசிகர்: அண்ணா, 2014 ஹாலிவுட் காட்ஸில்லாவின் உயரம் 108 மீட்டர். இது வெறும் 50 மீட்டர். இருந்தும் இதுதான் பெரிதாகத் தெரிகிறது. எப்படி?

பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். 50.1 மீட்டர் என்றால் ஏறக்குறைய 18 மாடி வீவக புளோக்கின் உயரம். நம் மரினா பே சாண்ட்ஸ் சுமார் 200 மீட்டர்; அதன் அருகே நிறுத்தினால் கால்வாசிதான் வரும். ஆனால் படம் நடப்பது 1947இன் கின்சா. அக்காலத் தோக்கியோவில் கட்டடங்கள் 31 மீட்டரைத் தாண்டக்கூடாது என்று சட்டமே இருந்தது. எந்தக் கூரைக்கும் மேலே அதன் தோளும் தலையும் தெரியும். 1954இன் முதல் படத்திலும் உயரம் 50 மீட்டர்தான். நகரம் வளர வளர 1984இல் 80, 1991இல் 100 என்று காட்ஸில்லாவும் வளர்ந்தது.

அடுத்தது நேரம். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துச் சோதிக்கலாம். விழும் பொருளின் உயரத்தை மீட்டரில் எடுத்து, ஐந்தால் வகுத்து, வர்க்கமூலம் பாருங்கள். அது தரையைத் தொட வேண்டிய நொடிகள் கிடைக்கும். 20 மீட்டருக்கு 2 நொடி, 45 மீட்டருக்கு 3 நொடி, 80 மீட்டருக்கு 4 நொடி. இடிபாடு இதைவிட வேகமாக விழுந்தால் கண் உடனே அதைப் பொம்மைக் கட்டடம் என்று முடிவு கட்டிவிடும். கின்சா காட்சியில் கான்கிரீட் துண்டுகள் அவசரப்படாமல் விழுகின்றன. கேமராவும் பெரும்பாலும் தெருவில் ஓடுபவரின் கண் மட்டத்திலேயே இருக்கிறது, ஹெலிகாப்டர் உயரத்துக்குத் தாவவில்லை.

தோ பாயோ ரசிகர்: அந்தக் கணக்குப்படி 2021இல் வந்த காட்ஸில்லா, காங் மோதல் படம் தோற்றுப்போகுமே?

எடை என்ற ஒரு பாடத்தில் தோற்கும். நூறு மீட்டர் உயர விலங்கின் கை 40 மீட்டர் நீளம் என்று வைப்போம். ஒரு குத்துக்கு அந்தக் கை அரை நொடியில் மூன்றில் ஒரு பங்கு வட்டம் சுழன்றால், முஷ்டியின் வேகம் மணிக்கு 600 கிலோமீட்டர். அந்த வேகத்தில் எதுவும் கனமாகத் தோன்றாது. ஆனால் அது மல்யுத்தப் படம். யார் ஜெயிப்பார் என்ற துடிப்புக்கு வேகம் தேவை. பகல்போல் வெளிச்சம், நியான் நிறங்கள், யார் யாரை அடிக்கிறார் என்பதில் குழப்பமில்லாத படப்பிடிப்பு எல்லாம் அதன் பலம். பயமுறுத்தவில்லை என்று அதைக் குறை சொல்வது நியாயமில்லை.

செம்பவாங் ரசிகர்: படத்தில் வரும் தக்காவோ போர்க்கப்பல் சிங்கப்பூரிலிருந்து வருவதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. மீதிப் பாதியில் படத்தின் ஆகப் பெரிய வரலாற்றுப் பிழை இருக்கிறது.

தக்காவோ உண்மையான கனரகக் குரூசர்; நீளம் 200 மீட்டருக்குச் சற்று மேல், ஐந்து சுழல்மேடைகளில் பத்து 20 சென்டிமீட்டர் பீரங்கிகள். 1944 அக்டோபரில் பிலிப்பீன்ஸின் பலவான் தீவு அருகே அமெரிக்க நீர்மூழ்கியின் டார்ப்பிடோ தாக்கி அதன் பின்பகுதி சிதைந்தது. சிங்கப்பூருக்குக் கொண்டு வந்தார்கள். இங்கே முழுமையாகப் பழுதுபார்க்க வழியில்லை. உங்கள் பேட்டைக்கு எதிரே ஜொகூர் நீரிணையில் விமான எதிர்ப்புப் பீரங்கி மேடையாகவே அது நிறுத்தப்பட்டிருந்தது. 1945 ஜூலை 31 அன்று பிரிட்டனின் எக்ஸ்இ3 என்ற சிறு நீர்மூழ்கி அதன் அடிவயிற்றுக்குக் கீழே நுழைந்து வெடிகளை வைத்துவிட்டுத் திரும்பியது. அதில் இருந்த ஃப்ரேசர், மகென்னிஸ் இருவருக்கும் பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

போர் முடிந்தபின் 1946 அக்டோபரில் தக்காவோவை மலாக்கா நீரிணைக்கு இழுத்துச் சென்று மூழ்கடித்துவிட்டார்கள். படத்தில் காட்ஸில்லாவோடு அது மோதுவது 1947இல்! மூழ்கடிக்கப்படாமல் இருந்திருந்தாலும், பின்பகுதி உடைந்த கப்பல் சொந்த எஞ்சினில் ஜப்பான் வரை வேகமெடுத்துப் போயிருக்காது.

ஆனாலும் காட்சியாக இந்தத் தேர்வு சரியென்றே சொல்வேன். மரப் படகில் இருக்கும் நால்வருக்கு நம்பிக்கை தர ஒரு பெரிய போர்க்கப்பல் வேண்டும். அடுத்த நிமிடமே அந்த நம்பிக்கை நொறுங்கவும் வேண்டும். பீரங்கிகள் கைக்கெட்டும் தூரத்திலிருந்து சுடுகின்றன. நீருக்கு அடியிலிருந்து நீல ஒளி எழுகிறது. கப்பல் முடிந்தது. இருபது சென்டிமீட்டர் குண்டால் ஆகாதது வேறு எந்தத் துப்பாக்கியாலும் ஆகாது என்று வசனமே இல்லாமல் பார்வையாளருக்குப் புரிந்துவிடுகிறது. இறுதித் திட்டத்தில் யாரும் பீரங்கியைப் பற்றி யோசிக்காததற்கு அடித்தளம் இங்கேதான் விழுகிறது.

உட்லண்ட்ஸ் ரசிகர்: ஃப்ரியான் குமிழிகளால் காட்ஸில்லாவை மூழ்கடிக்கும் திட்டம் அறிவியல்படி நடக்குமா, சார்?

திட்டம் இதுதான்: ஃப்ரியான் என்ற குளிர்சாதன வாயுவின் குமிழிகளால் சூழ்ந்து, காட்ஸில்லாவை 1,500 மீட்டர் ஆழத்துக்கு மூழ்கடித்து அழுத்தத்தால் நசுக்குவது; அதிலும் சாகாவிட்டால் பலூன்களால் வேகமாக மேலே இழுத்து, அழுத்தம் திடீரெனக் குறைவதால் உடலை உடைப்பது. இதில் தொடக்கம் நடக்கும். நீரில் ஏராளமான குமிழிகள் கலந்தால் அந்தக் கலவையின் அடர்த்தி குறையும், மிதப்பது மூழ்கும். இதில் தவறில்லை.

சிக்கல் ஆழத்தில் வருகிறது. அக்காலத்தில் பரவலாக இருந்த ஃப்ரியான்-12, 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 5.6 வளிமண்டல அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டலம் கூடுவதால், 50 மீட்டரைத் தொடும்போதே குமிழிகள் திரவத் துளிகளாகிவிடும். குளிர்ந்த நீரில் இன்னும் சீக்கிரம். திட்டமோ 1,500 மீட்டர் வரை அந்தக் குமிழிகளை நம்பியிருக்கிறது.

மேலே இழுக்கும் பலூன்களின் கதை இன்னும் மோசம். 1,500 மீட்டரில் அழுத்தம் சுமார் 150 வளிமண்டலம். சாதாரண எஃகு உருளையில் வாயுவை அடைப்பதும் ஏறத்தாழ அதே அழுத்தத்தில்தான். உள்ளேயும் வெளியேயும் சமமாக இருந்தால் வால்வைத் திறந்தாலும் வாயு வெளியே வராது. பலூன் சுருங்கியே கிடக்கும்.

இன்னொன்று. காட்ஸில்லாவின் எடை 20,000 டன் என்று சொல்லப்படுகிறது. மனித உடல்வாகை 50 மீட்டருக்குப் பெருக்கினால் வருவது சுமார் 1,650 டன்தான். தடித்த உடலுக்கும் வாலுக்கும் தாராளமாக மூன்று மடங்கு கொடுத்தாலும் 5,000 டன். 20,000 டன் என்றால் நீரைப்போல் நான்கு மடங்கு அடர்த்தி, கருங்கல்லைவிடக் கனம். அது நீந்தவே முடியாது. மூழ்கடிக்கத் திட்டமும் தேவைப்படாது.

ஆனால் திட்டத்தின் மையக் கருத்து நல்ல அறிவியல். ஆழத்திலிருந்து களவா மீனைத் தூண்டிலில் வேகமாக இழுத்தவர்களுக்குத் தெரியும், காற்றுப்பை உப்பி வயிறு வாய் வழியே பிதுங்கியிருக்கும். வெளியிலிருந்து உடைக்க முடியாத உடலை உள்ளிருந்தே உடைக்கும் யோசனை அது. கதைக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது: ஆயுதம் கழற்றப்பட்ட கப்பல்களும் கயிறும் வாயு உருளையுமாக, தோற்ற நாட்டின் கையில் மிச்சமிருந்ததை மட்டும் வைத்துச் செய்யும் திட்டம்.

ஈசூன் ரசிகர்: காட்சி வரைகலையில் 35 பேர் மட்டும் வேலை செய்து அதற்கான ஆஸ்கார் வாங்கியது எப்படிச் சாத்தியம்?

இயக்குநர் தகாஷி யமசாகியே காட்சி வரைகலையின் மேற்பார்வையாளர். பெரிய படங்களில் ஒரு ஷாட் பல நாடுகளில் உள்ள நிறுவனங்களுக்குப் போய், பல மேசைகளில் ஒப்புதல் வாங்கி, திருத்தத்துக்குத் திரும்பி வரும். இங்கே கலைஞர் செய்ததை இயக்குநர் அருகிலிருந்தே பார்த்து, வேண்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். வீணாகும் வேலை குறைவு. மொத்தம் 610 ஷாட்கள்தான். எதைக் காட்டுவது என்று எழுதும்போதே அளந்திருக்கிறார்கள்.

செலவைக் கொட்டிய இடம் கடல் என்பது என் கணிப்பு, அது சரியான முடிவும்கூட. பழைய படங்களில் தொட்டிக்குள் உருவத்தை நிறுத்திப் படமெடுத்தபோது நீர்தான் காட்டிக்கொடுத்தது. 1/25 அளவு மாதிரி என்றால் கேமராவை ஐந்து மடங்கு வேகத்தில், நொடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 120 பிரேம் ஓட்டி அசைவை மெதுவாக்கலாம். ஆனால் நீர்த்துளி சுருங்காது. சிதறும் ஒவ்வொரு துளியும் பூசணிக்காய் அளவில் தெரியும். சோப்புக் கரைசல் கலந்து துளியைச் சிறிதாக்குவார்கள், ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். இந்தப் படத்தில் நுரை, தூவானம், அலையின் விளிம்பு மூன்றும் சரியான அளவில் இருக்கின்றன. நடிகர்களும் உண்மைக் கடலில் உண்மைப் படகில் ஆடியபடி இருக்கிறார்கள். அதனால்தான் பகல் வெளிச்சத்தில் அந்தத் துரத்தல் நிற்கிறது.

தெம்பனிஸ் ரசிகை: கதாநாயகி நோரிகோ உயிரோடு திரும்புவது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உங்கள் கருத்து என்ன?

எனக்கும் அதுதான் படத்தின் பெரிய பலவீனம். அறிவியல் பிழைகளைவிட இது கனமானது. கின்சாவில் வெடிப்பின் காற்று வீதி முழுவதையும் பெயர்த்துக்கொண்டு போகிறது, கறுப்பு மழை பெய்கிறது. தற்கொலைப் படை விமானியாக இருந்து பிழைத்த கதாநாயகன் ஷிகிஷிமாவைச் சந்துக்குள் தள்ளிவிட்டு அவள் பறந்துபோகிறாள். அந்த இழப்பின் மீதுதான் பின்பாதி முழுவதும் நிற்கிறது. கடைசியில் தந்தி ஒன்று வந்து அதைத் திரும்பக் கொடுத்துவிடுகிறது. கழுத்தில் ஏறும் கரும்புள்ளி கொஞ்சம் ஈடுகட்டுகிறது: அவள் முழுமையாகத் திரும்பவில்லை, காட்ஸில்லாவும் போகவில்லை என்ற குறிப்பு. ஆனால் அந்தக் குறிப்பைக் கவனிக்காமல் எழுந்து போனவர்கள் நிறைய.

மறுபக்கம் சொல்பவர்களின் வாதமும் வலுவானது. வாழ்வதே துணிச்சல் என்பதுதான் படத்தின் பேச்சு. பிழைத்தவனுக்கு வாழக் காரணம் கொடுக்காமல் முடித்தால் அந்தப் பேச்சு பாதியில் நிற்கும். இதை ஏற்கிறேன். அவர்கள் வளர்க்கும் அக்கிகோ என்ற குழந்தையே அந்தக் காரணமாக இருந்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

அங் மோ கியோ ரசிகர்: கடைசியில் விமானத்திலிருந்து குதித்துத் தப்புவதும் அதே மாதிரி ஏமாற்றுதானே?

இல்லை, இது வேறு. ஷிகிஷிமா ஓட்டும் ஷின்டென் உண்மையான விமானம். 1945 ஆகஸ்ட் 3 அன்றுதான் முதன்முதலில் பறந்தது. அதன் உந்துவிசிறி பின்னால் இருப்பதால் விமானி சாதாரணமாகக் குதித்தால் விசிறியில் சிக்குவார். விமானியை வெளியே எறியும் இருக்கை தேவைப்படுவது இயல்பு. ஜெர்மனி போர்க்காலத்திலேயே அதைப் பயன்படுத்தியது. தகவலை இயக்குநர் நம்மிடம் மறைத்தது உண்மைதான், ஆனால் ஓடோ தீவில் சகாக்களை இழந்த மெக்கானிக் தச்சிபானா ஷிகிஷிமாவை மன்னிக்கும் இடம் அங்கேதான் இருக்கிறது. சாகச் சொல்லி அனுப்பிய நாட்டில், ஒரு மெக்கானிக் பிழைத்துவா என்று சொல்லி அனுப்புகிறார்.

புக்கிட் பாத்தோக் ரசிகர்: வீட்டில் பார்க்கும்போது கர்ஜனை அதிர வேண்டும், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டக்கூடாது. வழி உண்டா?

தாழ்வொலிக்கான ஒலிபெருக்கியான சப்வூஃபரைத் தரையில் நேரடியாக வைக்காதீர்கள். தடித்த ரப்பர் அல்லது ஃபோம் மெத்தை மேல் வையுங்கள். கான்கிரீட் வழியே போகும் அதிர்வு குறையும். அறை மூலையில் ஒட்டி வைத்தால் தாழ்வொலி வீங்கும், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். சப்வூஃபருக்குப் போகும் ஒலியின் எல்லையான கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் போதும். இரவு பத்துக்குமேல் ஆம்ப்ளிஃபையரின் இரவு முறையைப் போடுங்கள். வசனம் கேட்கும், வெடிப்பு அடங்கும். காட்ஸில்லாவின் வாயிலிருந்து வரும் வெப்பக்கதிருக்கு முன் முதுகுத்தகடுகள் ஒவ்வொன்றாக எழும்போது வரும் அமைதிதான் அந்தக் காட்சியின் உயிர். அந்த முறையில் அமைதிக்கும் வெடிப்புக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடும். முடிந்தால் ஞாயிறு மதியம் பாருங்கள். டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் 20,000 டன்னும் இலேசாகிவிடும்.

ஜூரோங் ரசிகை: ஒன்பது வயது மகனுக்குக் காட்டலாமா, அண்ணா?

முதல் பத்து நிமிடங்களை நீங்கள் தனியாகப் பார்த்து முடிவெடுங்கள். கதை தொடங்கும் ஓடோ தீவில் காட்ஸில்லா இன்னும் சிறியது. மனிதர்களை வாயால் கவ்வி எறிகிறது. இரத்தம் அதிகமில்லை, ஆனால் இறந்தவர்களை வரிசையாகக் கிடத்தியிருப்பார்கள். பையன் அதைத் தாங்கினால் பின்னால் வரும் பெரிய அழிவுகளையும் தாங்குவான். அவனுக்குக் கடினமாக இருக்கப்போவது ஷிகிஷிமாவின் கெட்ட கனவுகள். போரில் பிழைத்தவன் ஏன் வெட்கப்படுகிறான் என்று கேட்பான். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.