அரை மணி நேரமும் 293 நாளும்

கேள்வி: அமெரிக்காவில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக வருபவரை செனட் குழு முன் உட்காரவைத்து, டி.வி. நேரலையில் கேள்வி கேட்டுத்தான் அனுப்புகிறார்கள். மூத்த நீதிபதிகளே மூடிய அறைக்குள் கூடி நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் நம் கொலீஜியத்தைவிட அது நியாயமான முறைதானே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கதவு திறந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். உள்ளே நடப்பது விசாரணைதானா என்பதில்தான் சந்தேகம்.

2022-ல் நீதிபதிப் பதவிக்குப் பரிந்துரைக்கப்பட்ட கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் குழு முன் வந்தபோது முதல் சுற்றில் செனட்டர் ஒருவருக்கு அரை மணி நேரம், அடுத்த சுற்றில் 20 நிமிடம். குழுவில் 22 பேர். கொடுத்த நேரத்தை செனட்டர் எப்படியும் செலவழிக்கலாம். சொந்த மாநில வாக்காளருக்கு ஒரு மேடைப் பேச்சைப் பேசிவிட்டு, கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டாலும் தடுக்க ஆளில்லை. எதிரே பதில் சொல்பவரும் லேசுப்பட்டவர் அல்ல. 1987-ல் ராபர்ட் போர்க் தன் சட்டக் கருத்துகளை விலாவாரியாக விளக்கினார். செனட் ஓட்டெடுப்பில் 42-58 என்று தோற்றார். 1993-ல் ரூத் பேடர் கின்ஸ்பர்க், 'நாளை என் முன் வரக்கூடிய வழக்கைப் பற்றிக் கோடிகூடக் காட்டமாட்டேன்' என்றார். 96-3 என்று ஜெயித்தார். பிறகு வந்தவர்கள் யாரைப் பின்பற்றியிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

கட்சிகள் நிஜமாக விளையாடுவது காலண்டரில். 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்தார். மார்ச் 16-ல் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி ஒபாமா, அந்த இடத்துக்கு மெரிக் கார்லண்ட் பெயரை செனட்டின் ஒப்புதலுக்கு அனுப்பினார். செனட் குடியரசுக் கட்சியின் கையில். 'தேர்தல் வருஷம், மக்கள் சொல்லட்டும்' என்று விசாரணையே வைக்கவில்லை. 293 நாள் கிடந்து, 2017 ஜனவரி 3-ல் பரிந்துரை காலாவதி. 2020 செப்டம்பர் 18-ல் கின்ஸ்பர்க் மறைந்தார். 26-ந் தேதி குடியரசுக் கட்சி ஜனாதிபதி ட்ரம்ப், அவர் இடத்துக்கு ஏமி கோனி பாரெட்டை அறிவித்தார். அக்டோபர் 26-ல் 52-48 என்று முடித்துவிட்டார்கள். தேர்தலுக்கு எட்டே நாள்! கேட்டால், 'அன்று ஜனாதிபதி வேறு கட்சி, இன்று ஜனாதிபதியும் செனட்டும் ஒரே கட்சி' என்றார்கள். இந்த ஒரு பதிலில் மட்டும் ஒளிவுமறைவு இல்லை.

ஜனநாயகக் கட்சியைப் பார்த்துப் பாவப்படாதீர்கள். விவாதத்தை முடித்து ஓட்டுக்கு விட 60 பேர் வேண்டும் என்ற பூட்டை, 2013-ல் கீழ் நீதிமன்ற நியமனங்களுக்கு உடைத்தது அவர்கள்தான். 2017-ல் ட்ரம்ப் பரிந்துரைத்த நீல் கோர்சச்சுக்காக அதே சுத்தியலை எடுத்து உச்ச நீதிமன்றப் பூட்டையும் உடைத்தது குடியரசுக் கட்சி. எதிர்க்கட்சியில் சிலரையாவது இழுக்கவேண்டிய அவசியம் போனதும், ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதமே மாறிவிட்டது. 1986-ல் ஸ்காலியாவுக்கு 98-0. 2018-ல் கேவனாவுக்கு 50-48. ஜாக்சனுக்குக் குழுவில் 11-11 என்று சமம். தனித் தீர்மானம் போட்டு சபைக்கு இழுத்துவந்து, 53-47.

மூடிய அறை அங்கேயும் உண்டு. கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்கு ஒருவரை நியமிக்க, அந்த மாநிலத்தின் இரு செனட்டர்களுக்கும் ஒரு நீலச் சீட்டு போகும். சட்டமல்ல, வழக்கம்தான். அதில் ஒருவர் சீட்டைத் திருப்பி அனுப்பாமல் மேஜைக்குள் போட்டுக்கொண்டால் போதும், அந்த நியமனம் குழுவின் விசாரணைக்கே வராது. ஏன் என்று அவர் வெளியே சொல்லவேண்டிய கட்டாயமும் கிடையாது.